பேக்ஸ்விங் நீண்டால் பந்து தூரம் போகுமா?

கேள்வி இதுதான்: "எனக்கு வயது 52. இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவரில் (அதிக தூரத்துக்கு அடிக்கும் நீளமான கிளப்) 190 யார்டுக்கு மேல் போகவில்லை. கூட ஆடும் நண்பர் கிளப்பை இன்னும் பின்னால் கொண்டுபோகச் சொல்கிறார். இன்னொருவர் முக்கால்வாசியில் நிறுத்தச் சொல்கிறார். எப்படியும் கிளப் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றுவிடுகிறதே, நின்றுபோன கிளப்பிலிருந்து வலு எப்படி வரும்? பேக்ஸ்விங்குக்கும் வலுவுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா?"

நீங்கள் கவனித்தது சரி. பேக்ஸ்விங், அதாவது பந்தை அடிக்கும் முன் கிளப்பைப் பின்னால் தூக்கிக்கொண்டுபோகும் அசைவு, முடியும் உச்சியில் கிளப் நின்றுதான் போகிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். எவ்வளவு வேகமாக மேலே கொண்டுபோனாலும் அந்த வேகத்தில் ஒரு துளிகூட நேராகப் பந்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆனால் பேக்ஸ்விங்கே இல்லாமல், கிளப்பை இடுப்பு உயரத்தில் பின்னால் அசையாமல் பிடித்துவைத்து அங்கிருந்து அடித்துப் பாருங்கள், பந்து பாதி தூரம்கூடப் போகாது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். இருபது வருடம் டிரைவிங் ரேஞ்சில் (பந்தை அடித்துப் பழகும் மைதானத்தில்) நின்று சொல்லிக்கொடுத்த பிறகு எனக்குக் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளப் எவ்வளவு தூரம் பின்னால் போனது என்பது இரண்டாம்பட்சம். அது திசை மாறித் திரும்பும் அந்த நொடித்துளியில் உங்கள் தசைகள் ஏற்கெனவே இறுகி இழுத்துக்கொண்டிருக்கின்றனவா, இல்லை இனிமேல்தான் ஆரம்பிக்கப்போகின்றனவா என்பதில்தான் வலு இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. டிரைவரின் கிளப்ஹெட், அதாவது பந்தில் படும் தலைப்பகுதி, சுமார் 200 கிராம். அது மணிக்கு 100 மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு 44.7 மீட்டரில் பந்தைத் தொடுகிறது என்றால் அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் 200 ஜூல். 20 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் இது. பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் டவுன்ஸ்விங் (உச்சியிலிருந்து பந்தை நோக்கிக் கீழே வரும் வீச்சு) தொடங்கிப் பந்தில் படுவதற்கு ஆகும் நேரம் சுமார் கால் நொடி. அந்த மூட்டையைக் கால் நொடியில் தூக்கிப் பாருங்கள்! கிளப்ஹெட்டுக்கு மட்டும் 800 வாட், ஒரு குதிரைத்திறனுக்கும் மேல். கைகளையும் உடம்பையும் சுழற்ற ஆவது தனி.

இந்த 200 ஜூல் எங்கிருந்து வருகிறது? உயரத்திலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். கிளப்பை உயரத் தூக்கினால் விழும்போது வேகம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. 200 கிராம் எடை 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது சுமார் 4 ஜூல். நூற்றில் இரண்டு பங்கு. கைகளின் எடையையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவே. மீதியெல்லாம் தசைகள் செய்யும் வேலை. வேலை என்றால் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: விசை பெருக்கல் தூரம். கிளப்பின் பிடியை எவ்வளவு விசையோடு, எவ்வளவு நீளத்துக்கு இழுத்து வருகிறீர்களோ அவ்வளவு ஆற்றல். பேக்ஸ்விங் தருவது அந்த நீளத்தை. உங்கள் முதல் நண்பர் சொன்னதில் இருக்கும் உண்மை இது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த உண்மை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கைகள் வரும் பாதையை நீங்கள் பத்து சதவீதம் குறைத்துவிட்டீர்கள், விசை மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் பத்து சதவீதம் குறையும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகம் குறைவது ஐந்து சதவீதம்தான். 100 மைல் இருந்தது 95 ஆகும். மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு இரண்டரை யார்டு என்று தோராயமாகக் கணக்குப் போட்டால் இழப்பு 12 யார்டு சொச்சம். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். கஷ்டப்பட்டு உடம்பை முறுக்கிப் பத்து சதவீதம் நீட்டினால் கிடைப்பது அதே ஐந்து மைல், அதுவும் நீட்டிய பிறகும் அதே விசையோடு இழுக்க முடிந்தால். அங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். நீளத்தைக் கூட்டும் ஆசையில் விசையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

விசையைப் பற்றிச் சொல்ல ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டிலேயே செய்யலாம், முழங்கால் ஒத்துழைத்தால். சுவரோரம் நின்று விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொள்ளுங்கள். பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று நொடி அசையாமல் இருந்துவிட்டு, அங்கிருந்து எம்பிச் சுவரைத் தொடுங்கள். அடுத்த தடவை நேராக நின்று, சட்டென்று அதே அளவுக்குக் கீழே இறங்கி, இறங்கிய வேகத்திலேயே எம்புங்கள். இரண்டாவது தடம் மேலே இருக்கும். முழங்கால் மடிந்த அளவு ஒன்றுதான், தசையும் அதே தசைதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தசைக்கு 'இழு' என்று மூளை உத்தரவு கொடுத்த கணத்திலேயே முழு விசையும் வந்துவிடாது. படிப்படியாகத்தான் ஏறும். உச்சத்தை எட்ட 0.3 நொடியோ அதற்கு மேலோ பிடிக்கும். அசையாமல் இருந்து எம்பும்போது, விசை ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பு மேலே கிளம்பிவிடுகிறது. தூரத்தில் பாதி, அரைகுறை விசையோடு கழிந்துபோகிறது. சட்டென்று இறங்கும்போதோ, இறங்கும் உடம்பைத் தடுத்து நிறுத்தவே தொடைத் தசைகள் இறுகியாக வேண்டும். ஆகவே கீழ்ப்புள்ளியில், இன்னும் மேலே கிளம்பாத அந்தக் கணத்தில், விசை ஏற்கெனவே ஏறி நிற்கிறது. கூடவே, இழுபட்ட தசைநாண்கள் ரப்பரைப்போலத் திரும்பச் சுருங்கும் லாபமும் கொஞ்சம் உண்டு.

இப்போது கோல்ஃபுக்கு வாருங்கள். உச்ச விசைக்குத் தசைக்கு 0.3 நொடி வேண்டும், டவுன்ஸ்விங்குக்கு இருப்பதோ 0.25 நொடி. உச்சியில் போய் நின்று, அதன் பிறகு இழுக்க ஆரம்பித்தால் பந்தில் படும்வரைக்கும் உங்கள் முழு விசை வந்தே சேராது. பந்து போன பிறகுதான் வரும். பேக்ஸ்விங்கின் பெரிய வேலை இதுதான்: பின்னால் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் கிளப்பைத் தடுத்து நிறுத்தும் வேலையைத் தசைகளுக்குக் கொடுத்து, திரும்பும் கணத்தில் அவற்றை முழு இறுக்கத்தில் வைத்திருப்பது. பேக்ஸ்விங்கின் வேகம் பந்துக்குப் போவதில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும்போது தசையில் ஏறும் இறுக்கம் பந்துக்குப் போகிறது.

நல்ல ஆட்டக்காரர்களைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டேயிருக்கும், இடுப்பு அதற்குள் இலக்கை நோக்கித் திரும்ப ஆரம்பித்திருக்கும். ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி முன்னதாக. பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் தட்டுகளில் நிற்கவைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. வலது பாதத்தில் அழுத்தம் மிக அதிகமாக இருப்பது உச்சியில் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது பேக்ஸ்விங்கின் நடுவிலேயே, இடது கை தரைக்கு இணையாக வரும் நேரத்திலேயே உச்சம் தொட்டுவிட்டு, கிளப் மேலே போய்ச் சேரும் முன்பே இடது பாதத்துக்குத் திரும்ப ஆரம்பித்துவிடும். (வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.) ஆக, 'உச்சி' என்று முழு உடம்புக்கும் பொதுவாக ஒரு புள்ளியே கிடையாது. கீழ்ப்பாதி திரும்பிவிட்டது, மேல்பாதி இன்னும் திரும்பவில்லை என்ற நிலைதான் உண்டு. ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு முனை இப்படியும் மறுமுனை அப்படியும் போகுமே, அதேதான். அந்த நேரத்தில் ஆட்டக்காரரின் சட்டையைப் பாருங்கள், முதுகுப்பக்கம் சாய்வாக மடிப்புகள் இறுகி விழுந்திருக்கும்.

ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா உச்சியில் நின்றுவிட்டுத்தானே அடிக்கிறார், அவர் 2021-ல் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸே ஜெயித்தாரே என்று கேட்பீர்கள். என் மாணவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவருடைய கைகளைப் பார்க்காமல் இடுப்பையும் இடது முழங்காலையும் மட்டும் பாருங்கள். கிளப் நிற்கிறது, உடம்பு நிற்கவில்லை. கைகள் காத்திருக்கும்போதே கீழ்ப்பகுதி கிளம்பிவிடுகிறது. அவர் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலைமுதல் கால்வரை உறைந்து நிற்பவர்கள் தூரத்தை இழக்கிறார்கள்.

நீண்ட பேக்ஸ்விங்கில் என்ன தவறு நடக்கிறது என்பதற்குத் தேர் இழுப்பதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வடம் தொய்ந்து தரையில் கிடக்கும்போது எத்தனை பேர் பிடித்து இழுத்தாலும் தேர் அசையாது. முதலில் தொய்வு முழுவதும் எடுபட வேண்டும், வடம் விண்ணென்று நிற்க வேண்டும், அதன் பிறகு கொடுக்கும் இழுப்புதான் சக்கரத்துக்குப் போகும். கிளப்பைத் தோளுக்குப் பின்னால் தொங்கும்வரை கொண்டுபோகிற பலருக்கு அந்தக் கடைசி 20, 30 டிகிரி எங்கிருந்து வருகிறது தெரியுமா? தோள் திரும்பியதால் வருவதில்லை. தோள் எப்போதோ நின்றுவிட்டது. இடது முழங்கை மடங்குவதால் வருகிறது, இடது கையின் கடைசி மூன்று விரல்கள் பிடியைத் தளர்த்துவதால் வருகிறது. கண்ணுக்கு நீளம், உள்ளே தொய்வு. டவுன்ஸ்விங்கின் முதல் பங்கு அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். கால் நொடியில் எவ்வளவைத்தான் வீணாக்குவது?

இதைக் கண்டுபிடிக்க நான் ஸ்விங்கைப் பார்க்கும் முன்பே கையுறையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். போன மழைக்காலத்தில் ஒரு மாணவர் வந்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்கி ஒரு மாதம் ஆகாத கையுறை. விரல் பகுதியெல்லாம் புதிதுபோல இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டில் மட்டும் தோல் தேய்ந்து, எட்டணா அளவுக்கு ஓட்டை. உச்சியில் பிடி திறந்து, கீழே வரும்போது மறுபடி இறுகப் பிடிக்கிறார் என்று அந்த ஓட்டையே சொல்லிவிட்டது. அந்தச் சின்ன நழுவல் ஒவ்வொரு அடியிலும் தோலைத் தேய்க்கும். கிளப்பை முக்கால் தூரத்துக்கு மேல் கொண்டுபோகவே கூடாது என்று சொல்லி, கடைசி மூன்று விரலில் பிடியை நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. குறைத்து அடித்தால் பந்து குறைவாகத்தானே போகும் என்றார். பத்துப் பந்து அடித்த பிறகு பதினோராவது பந்தில் சத்தம் மாறியது. அதுவரை 'டக்' என்று கேட்டது, அன்று முதல்முறையாக 'ட்டப்' என்று வெடித்தது. பந்து எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவேயில்லை, கிளப்பின் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குட்டையான பேக்ஸ்விங்கில் தூரம் வரும் என்பதற்கு உலகறிந்த ஆள் ஸ்பெயினின் ஜான் ராம். பிறக்கும்போதே அவருக்கு வலது பாதம் வளைந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே மாவுக்கட்டுப் போட்டு நிமிர்த்தினார்கள். அந்தக் கணுக்கால் இன்றைக்கும் முழுதாக வளையாது, வலது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. முழுப் பேக்ஸ்விங் எடுத்தால் அந்தக் காலில் நிலையாக நிற்க முடியாது, அதனால்தான் தன் ஸ்விங் குட்டையானது என்று 2021-ல் அவரே விளக்கினார். அதே வருடம் யு.எஸ். ஓப்பன், 2023-ல் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். டிரைவரில் சாதாரணமாக 300 யார்டைத் தாண்டுகிறார். அவருக்குக் கிடைக்கும் பாதை சிறியது, ஆனால் அந்தப் பாதையின் முதல் அங்குலத்திலிருந்தே முழு இறுக்கம் இருக்கிறது.

எதிர்முனையில் அமெரிக்காவின் ஜான் டேலி. உச்சியில் அவர் கிளப்பின் தலை தரையைப் பார்க்கும். 1991-ல் யாருக்கும் தெரியாத ஆளாக வந்து பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயித்தவர். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஒரு சீசன் முழுவதும் சராசரியாக 300 யார்டுக்கு மேல் அடித்த முதல் ஆட்டக்காரரும் அவர்தான், 1997-ல். அவர் நீளத்தில் தொய்வு கிடையாது. தோள் 90 டிகிரியையும் தாண்டிச் சுழன்றுவிடும் உடம்பு அது. அந்த உடம்பு உள்ளவருக்கு அந்த நீளம் லாபம். நாற்காலியில் உட்கார்ந்து முதுகு இறுகிய நமக்கு அதே நீளத்தைக் காப்பியடிப்பது நஷ்டம்.

தோளும் இடுப்பும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதில் முப்பது வருடத்துக்கு முன் ஒரு கோட்பாடு வந்து பலருடைய முதுகைப் பதம் பார்த்தது என்பது என் கருத்து. 1992-ல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன், தோள் திரும்பும் அளவுக்கும் இடுப்பு திரும்பும் அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரத்துக்கு ரகசியம் என்று எழுதி, அதற்கு எக்ஸ் ஃபேக்டர் என்று பெயர் வைத்தார். தோள் 90, இடுப்பு 45 என்ற கணக்கு அங்கிருந்துதான் எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. கவனிப்பில் உண்மை இருந்தது. ஆனால் சாதாரண ஆட்டக்காரர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றால், இடுப்பை அசையாமல் பூட்டிவிட்டுத் தோளை மட்டும் திருகுவது என்று. இளம் உடம்பு தாங்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்முதுகில் வலி வந்து சேர்ந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களையே அதிகம் வாட்டும் காயம் கீழ்முதுகுக் காயம்தான்.

பிறகு 2001-ல் உடலசைவு ஆய்வாளர் ஃபில் சீதம் குழுவினர் செய்த ஆய்வு இதைத் திருத்தியது. தேர்ந்தவர்களையும் தேராதவர்களையும் ஒப்பிட்டபோது, உச்சியில் உள்ள வித்தியாசம் அவர்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. டவுன்ஸ்விங் தொடங்கும்போது அந்த வித்தியாசம் எவ்வளவு *கூடுகிறது* என்பதுதான் பிரித்துக் காட்டியது. இடுப்பு முதலில் திரும்பி, தோள் பின்தங்குவதால் ஏற்படும் கூடுதல் இழுப்பு அது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம் பாருங்கள், திசை மாறும் அந்தக் கணம்! பேக்ஸ்விங்கில் இடுப்பைப் பூட்டி வைத்தால், திரும்பி வரும்போது அதற்கு ஓட இடமில்லை. இடுப்பைத் தாராளமாகத் திரும்ப விட்டவருக்குத்தான் அதை முதலில் திருப்பிக் கொண்டுவர வழி இருக்கிறது. 1930-ல் ஒரே வருடத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் அள்ளிய பாபி ஜோன்ஸும், 18 மேஜர் (பெரிய போட்டிகள்) ஜெயித்த ஜாக் நிக்லாஸும் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவார்கள். இடுப்பு நன்றாகத் திரும்பும், முதுகுக்கு ஓய்வு, குதிகாலைத் தரையில் ஊன்றுவதே டவுன்ஸ்விங்கின் முதல் அசைவாகிவிடும். 52 வயதில் உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குதிகால் தூக்கட்டும், தடுக்காதீர்கள்.

மணிக்கட்டைப் பற்றிச் சுருக்கமாக. பேக்ஸ்விங்கில் கைக்கும் கிளப்புக்கும் நடுவே ஏறத்தாழ 90 டிகிரி மடிப்பு வருகிறது. கிளப் உடம்பை ஒட்டி மடிந்திருக்கும்போது மொத்தத்தையும் சுழற்றுவது எளிது. சுழல்நாற்காலியில் கையை மார்போடு அணைத்துச் சுற்றினால் வேகமாகச் சுற்றுமே, அதே காரணம். சுழற்சி வேகம் பிடித்த பிறகு கிளப் தானாக வெளியே வீசப்படும். கைகள் ஒரு ஊசல், கிளப் அதன் நுனியில் தொங்கும் இன்னொரு ஊசல் என்று 1968-ல் பிரிட்டனில் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் விளக்கிக் காட்டியது இன்றைக்கும் செல்லுபடியாகிறது. நீங்கள் வேண்டுமென்றே மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. பிடியை நழுவ விடாமல், ஆனால் இறுக்கிப் பிழியாமல், விரல்களில் வைத்திருந்தால் கிளப்பின் எடையே மடித்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கே ஐந்து வருடம் வீணானது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் சொல்லிக்கொடுத்தவர் ஒரே மந்திரத்தைத்தான் சொன்னார்: மெதுவா, இன்னும் மெதுவா. கிளப்பைப் பின்னால் கொண்டுபோக ஒன்றேகால், ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டேன். ஸ்விங் பார்க்க அழகாக இருந்தது. தூரம் வருடத்துக்கு வருடம் குறைந்தது. நான் பலவீனமானவன் என்றே முடிவுகட்டியிருந்தேன். காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. அவ்வளவு மெதுவாகப் போகும் கிளப்பை நிறுத்தத் தசைக்கு வேலையே இல்லை. நிறுத்தும் வேலை இல்லாவிட்டால் இறுக்கம் இல்லை. இறுக்கம் இல்லாவிட்டால் டவுன்ஸ்விங் வெறுங்கையோடு தொடங்குகிறது. அதை ஈடுகட்ட உச்சியிலிருந்து தோளாலும் கையாலும் வெட்டி இழுப்போம், பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். ஸ்லைஸ் என்பது இதைத்தான், உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிளப்பைப் பின்னால் கொண்டுபோக எடுப்பது சுமார் 0.7 முதல் 0.9 நொடி. முன்னால் கொண்டுவர அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆளுக்கு ஆள் வேகம் மாறினாலும் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இதை நீங்களே அளக்கலாம். செல்போனில் நொடிக்கு 30 படம் என்ற சாதாரண வேகத்தில் ஒரு ஸ்விங்கைப் பதிவு செய்யுங்கள். கிளப் அசையத் தொடங்கும் படத்திலிருந்து திசை மாறும் படம்வரை எண்ணுங்கள், அங்கிருந்து பந்தில் படும்வரை எண்ணுங்கள். 24-க்கு 8, 27-க்கு 9 என்று வந்தால் நல்லது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் 36-க்கு 10, 40-க்கு 11 என்ற பக்கத்தில்தான் இருப்பார்கள். அவர்கள் வேகப்படுத்த வேண்டியது டவுன்ஸ்விங்கை அல்ல. பேக்ஸ்விங்கை. கிளப்பைப் பிடுங்கி இழுக்கச் சொல்லவில்லை. ஊஞ்சலைப் பின்னால் தள்ளிவிடுவதுபோல ஒரே சீராக, தயங்காமல் அனுப்புங்கள்.

தூரத்துக்கு இன்னொரு பாதி உண்டு. பந்து கிளப்பின் நடுவில் பட வேண்டும். டிரைவரின் நடுவில் சுத்தமாகப் பட்டால் கிளப்பின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பந்து கிளம்பும். ஓரத்தில் பட்டால் அது 1.38, 1.35 என்று இறங்கும். கணக்குப் போடுங்கள்: 95 மைல் வேகத்தில் நடுவில் பட்டு 1.48 கிடைத்தால் பந்தின் வேகம் 140 மைலுக்கு மேல். நீண்ட ஸ்விங்கில் 100 மைல் எடுத்து, ஓரத்தில் பட்டு 1.38 கிடைத்தால் 138. ஐந்து மைல் கூடுதலாக வீசியும் பின்னால்தான் நிற்கிறோம். உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதில் இருக்கும் உண்மை இது.

ஆக, இரண்டு நண்பர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்பதை அவர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் முதுகை வைத்து முடிவு செய்யுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, தோள்மேல் ஒரு கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வலப்பக்கம் திரும்புங்கள். இடுப்பு நாற்காலியைவிட்டு அசையாமல் 45 டிகிரி திரும்பினால் உங்களுக்கு நல்ல அளவு கைவசம் இருக்கிறது, கிளப்பைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். 30-லேயே நின்றுவிட்டால், முழு ஸ்விங்குக்கு ஆசைப்படும்போது மிச்சத்தை முழங்கையும் விரல்களும்தான் பொய்யாக நிரப்பும். அப்படியென்றால் வலது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், இடது குதிகாலை எழ விடுங்கள், தோள் நின்ற இடத்தில் கிளப்பும் நிற்கட்டும். அது முக்கால் தூரமாக இருந்தாலும் அதுதான் உங்கள் முழுப் பேக்ஸ்விங்.

திசை மாறும் கணத்தைப் பழக ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், நான் மாணவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழாம் நம்பர் அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) போதும், டிரைவர் வேண்டாம். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் அனுப்புங்கள். அது இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே, இடுப்பு உயரத்தைத் தாண்டியதும், இடது காலை இலக்குப் பக்கம் ஓர் அடி எடுத்து வையுங்கள். வைத்த பிறகு அடியுங்கள். முதல் நாலைந்து தடவை கால் தாமதமாகப் போகும், கிளப் உச்சிக்குப் போய்க் காத்திருக்கும். பரவாயில்லை. ஏதோ ஒரு தடவை, கால் தரையைத் தொடும்போது கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும், இடது தோள்பட்டைக்குக் கீழேயிருந்து முதுகுவரை ஏதோ இழுபடுவது தெரியும். கையால் இழுக்கும் முன்பே கிளப் கிளம்பிவிடும். அந்த இழுப்பு தெரிகிறவரை பந்தே வைக்காமல் செய்யுங்கள். தெரிந்த பிறகு பந்து வைத்து இருபது, அதன் பிறகு பாதங்களை வழக்கம்போல அகட்டி வைத்து, அடி எடுத்து வைப்பதற்குப் பதிலாகக் குதிகாலை ஊன்றி ஒரு பத்து. கீழ்முதுகில் வலி எட்டிப் பார்த்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம் செய்துவிட்டு டிரைவரை எடுங்கள். அப்போது மறுபடி ஒரு வீடியோ எடுத்துப் படங்களை எண்ணி, கையுறையின் உள்ளங்கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.